எரிச்சல் நின்ற நாள்

மதினி,

இன்றைக்குக் கிளினிக்கில் எனக்கு ஒரு சின்னக் கடதாசி உறையில் மஞ்சள் குளுசை கொடுத்து அனுப்பினார்கள். லயத்தில் என் அறைக்கு வந்து உறையைப் பிரித்தேன். நனைந்த சாக்கில் தவிட்டைப் போட்டு வைத்தது போல ஒரு வாசம் வந்தது. இத்தனை வருசம் கழித்து வந்து என் அறைக்குள் உட்கார்ந்துவிட்டாய், பார்த்தாயா! உன் தலைமாட்டில் இருந்த தகர டப்பாவிலும் இதே வாசம்தான். மூடியைத் திறக்கும்போதெல்லாம், "மாட்டுத் தீனியத் திங்கச் சொல்றீங்களேடி" என்று மூக்கைப் பொத்திக்கொள்வாய்.

ஆமாம், எனக்கும் வந்துவிட்டது. அதே சீனி வருத்தம், இவர்கள் நீரிழிவு என்கிற நோய். அதே காலெரிச்சல். அதே விட்டமின் பீ குளுசை. "நாத்தனாளும் மதினியும் எதையும் பங்கு போட்டுத்தான் திம்பாளுக" என்று அண்ணன் சொல்லுமே, அது இதிலும் பலித்துவிட்டது.

உனக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வரை படித்தவள் என்பதால், திருச்சியிலிருந்து உன் மாமன் மக்கள் போட்ட கடுதாசியை எல்லாம் உனக்குப் படித்துக் காட்டியவள் நான். பதில் எழுதியவளும் நான். "நலம், நலமறிய ஆவல்னு போடுடி. கால் எரியுதுன்னு எழுதித் தொலைக்காத, அவங்களுக்கு எதுக்குக் கவலை" என்பாய். இன்று உனக்கே எழுதுகிறேன். இதில் எதையும் மறைக்கப் போவதில்லை.

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு தெமோதரைக்கு மேலே இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு நீ வந்தபோது உனக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. அதனால் மதினி என்றும் கூப்பிட்டேன், நீ வா போ என்றும் பேசினேன். மலையில் கொழுந்து பறிக்கும்போது உன் நிரைக்குப் பக்கத்து நிரை எனக்கு. கங்காணி பிரித்துப் போட்டாலும் சண்டை பிடித்து வந்து ஒட்டிக்கொள்வோம். அப்படி நிற்கும்போதுதான் ஒருநாள் நீ கூடையைக் கீழே இறக்கிவிட்டுக் காலைத் தூக்கிப் பார்த்தாய். முள் குத்தியதா என்று கேட்டேன். முள் இல்லை, உள்ளங்காலில் மிளகாய் அரைத்துப் பூசியது போல இருக்கிறது என்றாய். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். படுத்தால் கம்பளி பட்டால்கூடப் பொறுக்காது உனக்கு. கொட்டுகிற பனியில், எல்லோரும் காலை அடுப்பில் காய வைக்கிற நேரத்தில், நீ மட்டும் பீலியில் கொட்டும் குளிர்ந்த தண்ணீரில் கால் இரண்டையும் விட்டுக்கொண்டு நின்றாய்.

தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா உன் சிறுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து, நீல மருந்தை ஊற்றி விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. சீனி ஏறிப்போய்க் கிடக்கிறது, அது கால் நரம்பைப் பிடித்திருக்கிறது என்றார். அப்போது கூட்டுறவுச் சங்கக் கடையில் சீனி கண்ணில் காட்ட மாட்டார்கள். பாலில்லாத சாயத்தண்ணிக்குத் தொட்டுக்கொள்ளப் பனங்கட்டித் துண்டு கிடைத்தால் பெரிய விசயம். "நாட்டுலயே சீனி இல்ல, உன் ஒடம்புல மட்டும் எங்கேருந்துடி வந்துச்சு? பதுக்கி வச்சிருக்கியா?" என்று நான் கேட்டேன். டிஸ்பென்சர் ஐயாவே சிரித்துவிட்டார். நீயும் சிரித்தாய். வரும் வழியெல்லாம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். கடவுளே, எப்படிச் சிரித்தோம்!

அவர் இரண்டு வகைக் குளுசை கொடுத்தார். வெள்ளை சீனிக்கு, மஞ்சள் நரம்புக்கு. மஞ்சள் குளுசை விட்டமின் என்றார், நரம்புக்குச் சத்து என்றார். வெள்ளையை விடக் கூடாது, அதை விட்டால் மஞ்சளைத் தின்பது ஓட்டைச் சட்டியில் தண்ணீர் மொண்ட மாதிரிதான் என்றும் சொன்னார். சொன்னது இரண்டு பேர் காதிலும் விழுந்தது. ஆனால் வெள்ளைக் குளுசை உள்ளே போய் என்ன செய்தது என்று யாருக்குத் தெரியும்? மஞ்சள் வேலை செய்வது கண்ணுக்கே தெரிந்தது. தின்ற அன்றே உனக்குச் சிறுநீர் மஞ்சள் கிழங்கை அரைத்துக் கரைத்தது போலப் போனது. "வருத்தம் கரைஞ்சு வெளிய போவுதுடி" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய், வெட்கம் கெட்டவளே. நானும் எட்டிப் பார்த்துவிட்டு ஆமாம் என்றேன்.

எரிச்சல் மட்டும் போகவில்லை. கூடத்தான் செய்தது. காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் நிற்கும்போதே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாய். கங்காணி, இவள் என்ன கரகம் ஆடுகிறாளா என்று கேட்டதற்கு நீ கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது. அந்த நேரம் பார்த்து மருந்துத் தட்டுப்பாடு. டிஸ்பென்சரியில் மஞ்சள் குளுசை தீர்ந்தது. ஒருநாள் நீ லயத்து வாசலில் உட்கார்ந்து, காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பிள்ளை அழுவது போல அழுதாய். உன்னை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. உன் தலைப்பிள்ளை செத்துப் பிறந்தபோதுகூட வாயைப் பொத்திக்கொண்டு அழுதவள் நீ. அன்றைக்குக் கிழக்கே மாரியம்மன் கோயிலைப் பார்த்துக் கையெடுத்துச் சொன்னாய்: "ஆத்தா, இந்த நெருப்ப என் காலுலேருந்து எடுத்துரு. நான் ஒன் நெருப்புல எறங்குறேன்."

நேர்ந்தது நேர்ந்ததுதான். திருவிழாவில் பூக்குழி இறங்குவதாக ஆத்தாளுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. ஆனால் ஆத்தாளை மட்டும் நம்பிச் சும்மா இருக்க எனக்கு மனசு வரவில்லை. ரயிலேறிப் பதுளைக்குப் போனேன். பசாரில் ஒரு முஸ்லிம் நானாவின் மருந்துக் கடை. அவர் முதலில் கையை விரித்தார். "இல்ல தங்கச்சி, கொழும்புலயே இல்ல" என்றார். நான் போகவில்லை. கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு உன் காலைப் பற்றி, நீ அழுததைப் பற்றி, எல்லாவற்றையும் கொட்டினேன். நின்று கேட்டவர் உள்ளே போய், பஞ்சுக்குள் பொதிந்த சின்னக் கண்ணாடிக் குப்பிகள் கொஞ்சம் கொண்டுவந்தார். உள்ளே மாதுளம் பழச் சாறு போலச் சிவப்பு மருந்து. அதுவும் விட்டமின் பீதான், ஊசியாகப் போடுவது. அவருடைய உம்மாவுக்கும் இதே வருத்தம், அவர்களுக்கென்று வைத்திருந்ததாம். "பாதி அவங்களுக்கு, பாதி ஒன் மதினிக்கு" என்று பிரித்துக் கொடுத்தார். அந்த மனுசன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

சிவப்பு ஊசியை டிஸ்பென்சர் ஐயா போட்டுவிட்டார். ஒவ்வொன்றாகக் குப்பி தீர்ந்தது. மார்கழி மழை பிடித்த நாளில், விடியற்காலையில் நீ என் கதவைத் தட்டினாய். ஏதோ கெட்ட செய்தி என்று பதறித் திறந்தேன். நீ வாசலில் வெறுங்காலோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தாய். "நின்னுருச்சுடி. சுத்தமா நின்னுருச்சு. ஒண்ணுமே இல்ல" என்றாய். நான் உன்னைக் கட்டிக்கொண்டேன். அந்த மழையில் இருவரும் நனைந்துகொண்டே நின்றோம். அண்ணன் எங்கிருந்தோ கோதுமை மாவு தேடி வந்து ரொட்டி சுட்டது. பனங்கட்டியும் கிடைத்தது. எரிச்சல்தான் போய்விட்டதே, இனி என்ன என்று நீ அன்றைக்கு இனிப்பாகத் தேத்தண்ணி குடித்தாய். வெள்ளைக் குளுசையை டப்பாவோடு கூரைச் செருகலில் வைத்தாய். வருத்தம் போன பிறகு மருந்து தின்பவள் பைத்தியக்காரி என்றாய். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வலி போனால் வருத்தம் போனது என்றுதான் தாய் வயிற்றிலிருந்து படித்து வந்திருக்கிறோம். வேறு எப்படி நினைப்போம்?

மழைக் காலத்தில் மலையில் அட்டை எப்படி என்று உனக்குத் தெரியும். நாங்கள் எல்லாம் சவர்க்காரமும் உப்பும் காலில் தேய்த்துக்கொண்டுதான் இறங்குவோம். அந்த வருசம் நீ எதுவும் தேய்க்கவில்லை. "அட்டை என்கிட்ட வர்றதே இல்லடி. ஊசி போட்ட ரத்தம் அதுக்குக் கசக்குது போல" என்று பெருமை பேசினாய். மத்தியானம் கொழுந்து நிறுக்கப் போகும்போது பார்த்தால் உன் விரலிடுக்கில் அட்டைகள் திராட்சை போல ஊதித் தொங்கின. காலெல்லாம் ரத்தம். நான் காட்டிய பிறகுதான் குனிந்து பார்த்தாய். "அட, இது எப்ப ஏறுச்சு?" என்று சிரித்துக்கொண்டே பிடுங்கி எறிந்தாய். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவ்வளவுதான்.

பங்குனியில் திருவிழா. காப்புக் கட்டி, மஞ்சள் சேலை உடுத்தி, ஒரு பொழுது இருந்தாய். பூக்குழியில் தணல் சிவந்து கிடந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். நீ ஓடவில்லை மதினி. கொழுந்துக் கூடையோடு மேட்டில் ஏறுகிற அதே நடையில், கை கூப்பிக்கொண்டு, நிதானமாக நடந்தாய். பொம்பிளைகள் குலவை போட்டார்கள். இப்படி ஒரு நடையை இந்தத் தோட்டத்தில் பார்த்ததில்லை என்று பூசாரியே உன் காலில் விழுந்தார். பாற்குழியைத் தாண்டி நீ வந்தபோது நான் ஓடிவந்து பிடித்தேன். உன் கண்ணில் தண்ணீர். என் காதுக்குள் சொன்னாய்: "ஆத்தா என்னைய ஏத்துக்கிட்டாடி. ஜில்லுன்னு இருந்துச்சு."

மறுநாள் வலது காலில் கொப்புளம். குதிகாலில் கரித்துண்டு ஒட்டியிருந்த இடத்தில் தோல் வெள்ளையாக வெந்து கிடந்தது. டிஸ்பென்சரிக்கு வா என்று கெஞ்சினேன். காப்பு அவிழ்க்கும் வரை மருந்து போடக் கூடாது என்பது நம் வழக்கம். மஞ்சளும் வேப்பிலையும் திருநீறும்தான். மருந்து போட்டால் ஆத்தாளை நம்பவில்லை என்றாகிவிடும். லயமே வந்து உன் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனது. வலிக்கிறதா என்று அண்ணன் கேட்டதற்கு, வலித்தால் சொல்ல மாட்டேனா, ஒரு துளி வலியும் இல்லை என்றாய். வலியில்லாத புண்ணுக்கு யார் பயப்படுவார்கள்? காப்பு அவிழ்த்த அன்று உன் அறையில் சாம்பிராணியையும் மீறி ஒரு நாற்றம் வந்தது. காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தேன். பெருவிரல் கொட்டைப்பாக்குப் போலக் கறுத்திருந்தது. நீ குனிந்து பார்த்துவிட்டு, "யாரோட காலோ மாதிரி இருக்கு" என்றாய்.

கொழுந்து லொறியில் படுக்க வைத்துப் பதுளைப் பெரிய ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். உன்னை வாட்டில் சேர்த்த உடனே நான் பசாருக்கு ஓடினேன். எனக்கு ஒரே நினைப்புத்தான். சிவப்பு ஊசி. முன்பு காலைக் காப்பாற்றியது அதுதானே, இப்போதும் காப்பாற்றும். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நானா தொழுகைக்குப் போய்க் கடை சாத்தியிருந்தது. சாத்திய பலகையில் தலையைச் சாய்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். தெருவில் போனவர்கள் பிச்சைக்காரி என்று நினைத்திருப்பார்கள். மாரியாத்தாளைத் திட்டினேன். அடியே, நெருப்பைக் கேட்டாயா, காலைக் கேட்டாயா என்று வாய்விட்டுத் திட்டினேன். பிறகு பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டு, காலைக் கொடுத்துவிடு, என்னுடையதை எடுத்துக்கொள் என்று கெஞ்சினேன். ஒருத்தியிடம் திட்டும் கெஞ்சலும் சேர்ந்து வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

நானா வந்தார். கடையில் இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னோடு கடை கடையாக ஏறி இறங்கினார். அவர் தேடித் தந்த இரண்டே இரண்டு குப்பிகளை மாராப்புக்குள் வைத்து, உடைந்துவிடக் கூடாது என்று கையால் பொத்திக்கொண்டு வந்தேன்.

டொக்டர் ஐயா யாழ்ப்பாணத்து மனுசன். குப்பிகளை வாங்கி பக்கத்து மேசையில் வைத்தார். ஒரு பஞ்சையும் ஊசியையும் எடுத்து உன் பாதத்தில் குத்திக் குத்திக் காட்டினார். நீ கூரையைப் பார்த்துக்கொண்டு என்னோடு பேசிக்கொண்டிருந்தாய். முழங்காலுக்குக் கிட்டே வந்த பிறகுதான் திடுக்கிட்டாய். அவர் என்னை வெளியே கூட்டிவந்து, கோபமில்லாமல் சொன்னார்: "எரிஞ்சுகொண்டிருந்த மட்டும் நரம்புக்கு உயிர் இருந்தது பிள்ளை. எரிவு நிண்டது சுகம் வந்து இல்லை. நரம்பு செத்து."

நாம் மழையில் கட்டிக்கொண்டு நின்ற அந்த விடியற்காலை என் கண்ணில் வந்தது. ரொட்டி சுட்டோமே மதினி. கருமாதிக்கு யாராவது பனங்கட்டி தின்பார்களா?

சீனி குறையாமல் விட்டமின் மட்டும் என்ன செய்யும் என்று அவர் விளக்கிச் சொன்னார். டிஸ்பென்சர் ஐயா சொன்ன அதே பேச்சு. எனக்கு எதுவும் ஏறவில்லை. ஒரு ஊசியாவது போடுங்கள் ஐயா என்று அவர் காலைப் பிடித்தேன். அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் தாதியைக் கூப்பிட்டுப் போடச் சொன்னார். உன் தொடையில் போட்டார்கள். "ஆ, வலிக்குதுடி" என்று முகத்தைச் சுளித்தாய். நீ வலி என்று சொல்லி நான் கேட்டு எத்தனை நாளாயிற்று! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆத்தா, இவளுக்கு வலிக்கிறது, இவளுக்கு வலிக்கிறது என்று வாட்டில் இருந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். புருசனோடு சண்டை போட்டு வந்தவளோ, மூளை பிசகியவளோ என்று என்னைப் பார்த்தார்கள்.

காலை எடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே. கண் விழித்ததும் நீ அழவில்லை. பெரட்டுக்கு ஒற்றைக் காலில் போனால் கங்காணி அரைப்பேர், பாதிச் சம்பளம்தான் போடுவான் என்று அண்ணனிடம் சொன்னாய், அண்ணன் வெளியே போய் அழுதது. பிறகு காய்ச்சல் ஏறியது. விசம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். காய்ச்சலிலேயே ஒரு சாயங்காலம் என் கையைப் பிடித்து இழுத்தாய். உன் முகத்தில் பழைய வேதனை. "எரியுதுடி. அந்தக் காலு எரியுது. தேய்ச்சு விடு" என்றாய். எந்தக் கால் என்று கேட்டேன். வலது கால் என்றாய். வெட்டிய காலும் எரியும் என்று எனக்கு அப்போது தெரியாது. போர்வைக்குக் கீழே ஒன்றுமில்லை. வெறும் படுக்கைத் துணி. அதைத் தேய்த்தேன். உன் பாதம் இருக்க வேண்டிய இடத்தில், விரல் இருக்க வேண்டிய இடத்தில், நீ போதும் என்று சொல்லும் வரை தேய்த்தேன். "இப்ப தேவல" என்று கண்ணை மூடினாய். அதற்குப் பிறகு நீ என்னோடு பேசவில்லை.

உன்னை நம் மலையடிவாரத்தில் அடக்கம் செய்தோம். அண்ணன் பாஸ்போட் கிடைத்து இந்தியாவுக்குக் கப்பலேறிப் போய்விட்டது. நான் இங்கேயே இருக்கிறேன். உன் நிரையில் இப்போது வேறொருத்தி நிற்கிறாள், நல்ல பிள்ளைதான், வாய் மட்டும் போதாது.

இன்றைக்குக் கிளினிக்கில் டொக்டர் அம்மா, சின்ன வயசுப் பிள்ளை, எரிச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். இந்தக் குளுசையோடு குறையும், குறைந்தால் சந்தோசம்தானே என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "கொறஞ்சா சந்தோசம்னு சும்மா விட்றாதீங்கம்மா. ஊசிய எடுத்துக் குத்திப் பாருங்க. வலிக்குதான்னு பாருங்க" என்று காலைத் தூக்கி மேசை மேலேயே வைத்துவிட்டேன். பாவம், அந்தப் பிள்ளை மிரண்டுபோய் ஒவ்வொரு விரலாகக் குத்திப் பார்த்தது. ஒவ்வொரு குத்துக்கும் ஆ என்றேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் உள்ளே கொலை நடக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

வெள்ளைக் குளுசையை ஒருநாளும் விடுவதில்லை. மஞ்சளையும் தின்கிறேன், மூக்கைப் பொத்திக்கொண்டு. மலைக்குச் செருப்பில்லாமல் இறங்குவதில்லை, மற்றவர்கள் சிரித்தாலும். காலில் அட்டை ஏறினால் சுள்ளென்று தெரிகிறது. இந்தப் பங்குனிக்குப் பூக்குழி நேர்ந்துகொள், எரிச்சல் நிற்கும் என்று பக்கத்து அறைக்காரி சொன்னாள். அவளுக்கு நான் என்ன சொல்ல? ஆத்தாளிடம் நான் கேட்டுக்கொண்டது வேறு. இதை மட்டும் என்னிடமிருந்து எடுத்துவிடாதே என்று கேட்டிருக்கிறேன்.

விளக்கை ஊதுவதற்கு முன்னால் இரண்டு பாதத்தையும் தடவிப் பார்த்தேன் மதினி. முதலில் வலது கால், உன் ஞாபகமாக. பிறகு இடது. இரண்டும் நன்றாக எரிகிறது.